மேசையில் வைத்த மாத்திரை

சுக்குக் காப்பி போடுவதில் அவசரம் கூடாது. சுக்கைத் தட்டித் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கருப்பட்டி அதற்குப் பிறகுதான். எங்கள் சாத்தான்குளத்துப் பக்கம் அப்படித்தான் போடுவார்கள். ஒரகடம் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது, நான் அதை மாற்றவில்லை.

பாஸ்டர் ஜெபதாஸ் அவர்களுக்கு. அந்தோணிராஜ் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, நினைவுக் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதிக் கொடு வில்சன், அவனோடு ஒரே அறையில் இருந்தவன் நீதானே என்றீர்கள். எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. வாசிப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் அந்தோணியும் கொம்பையாவும் ஒரகடம் பக்கத்து மாத்தூரில் ஒரே அறை. மூன்று பேருக்கும் கார் சீட் கட்டுகிற ஒரே கம்பெனி. கொம்பையா தென்காசிப் பக்கத்து ஆள். ஜெபத்துக்கு வரமாட்டான், சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வருவான். அந்தோணி கடற்கரை ஊர்க்காரன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவனுக்கு வலிப்பு இருந்தது. கம்பெனிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள்.

அவன் அறைக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு ஞாயிறு மதியம், துணி துவைத்துக்கொண்டிருந்தவன் குழாயடியில் விழுந்தான். ஊருக்குப் போய்வந்த அலைச்சலில் நான்கு நாள் மாத்திரை விட்டுப்போயிருந்தது. நான்தான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, தலைக்குக் கீழே என் சட்டையைச் சுருட்டி வைத்தேன். கண் திறந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"யாருட்டயும் சொல்லிராதீங்கண்ணே."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படி ஒன்றை ஒப்படைத்ததில்லை. சூப்பர்வைசர் டார்கெட்டை ஒப்படைப்பான். வீட்டுக்கார முனிரத்தினம் குப்பை வாளியை ஒப்படைப்பார். ஒரு மனிதன் தன்னையே என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவனைச் சபைக்கு அழைத்து வந்தது நான் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது. அந்த வாரம் தன் இருதயத்தில் என்ன பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று நீங்கள் வைத்த முறை. தன் இருதயத்தைப் பார்க்காதவன் இன்னொருவனை நேசிக்க முடியாது என்பீர்கள். அது சரிதான். இப்போதும் அதை நம்புகிறேன்.

நம் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. குணமானவர்கள், இனி வேண்டாம் என்று நினைக்கிற பொருளைப் பிரசங்க மேடைக்கு முன்னால் உள்ள மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். கண்ணாடி, இடுப்புப் பட்டை, ஊன்றுகோல், மருந்து. கூட்டம் முடிந்ததும் அதையெல்லாம் அள்ளி அப்புறப்படுத்தி மேசையைத் துடைப்பது என் பொறுப்பு.

மூன்று நாள் உபவாசக் கூட்டத்தின் கடைசி நாளில் நீங்கள் அந்தோணியின் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். அவன் அழுதான். அடுத்த ஞாயிறு எழுந்து போய், மாத்திரை அட்டைகளையும் அரசு ஆஸ்பத்திரி நோட்டையும் மேசையில் வைத்தான். சபையே கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அங்கே இருந்த அறுபது பேரில், மாத்திரை விட்டால் அவன் எப்படி விழுவான் என்று கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மேசையைத் துடைத்தேன். அட்டைகளையும் நோட்டையும் குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஒரு மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் பொடித்துச் சுக்குக் காப்பியில் கலந்து அவனுக்குக் கொடுத்தேன். சாயங்காலத்து மாத்திரையை அவனுக்கு ஊற்றிய ரசத்தில் கலந்தேன். அப்படி இருபது மாதம்.

அட்டைகள் தீர்ந்ததும் அவன் நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். மருந்து கொடுக்கிற பாண்டுரங்கன் ஒவ்வொரு மாதமும் ஒரே பாட்டைப் பாடுவார்.

"உன் தம்பிய ஒரு வாட்டியாவது கண்ணுல காட்டுய்யா. ஒரு வேளகூட வுடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா முன்ன இருந்ததவிட மோசமா வரும். இன்னா, புரிதா?"

புரிகிறது என்பேன். எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது, அதற்காக இதைச் சொல்கிறேன்.

அது கஷ்டமான வேலை. அவனுக்கு ஷிஃப்ட் மாறினால் நானும் கெஞ்சி மாற்றிக்கொள்வேன். கம்பெனி பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்துவிடுவேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரே பகல் போய்விட்டுத் திரும்பினேன். ஊரில் கோபித்துக்கொண்டார்கள். வண்டி விஷயத்திலும் அப்படித்தான். என் பைக்கை அவன் ஓட்டக் கேட்கும்போதெல்லாம் பிரேக் சரியில்லை, கிளட்ச் சரியில்லை என்று ஏதாவது சொல்லி, நானே ஓட்டி அவனைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். இருபது மாதத்தில் ஒருமுறைகூடச் சாவியைக் கொடுத்ததில்லை.

அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"என்னண்ணே, வர வர காப்பி ரொம்பக் கசக்கு?"

"நல்லது கசக்கத்தாம்ல செய்யும். குடி."

கொம்பையா பாயில் படுத்தபடியே சிரிப்பான். "ஏல அந்தோணி, அண்ணாச்சி ஒன்ன மருமவப்பிள்ள மாதிரில்லா கவனிக்காரு. எங்களுக்கு ஒரு சொட்டு உண்டுமா? நாங்க என்ன ரோட்டுல கெடந்தா வந்தோம்?"

"ஒனக்குத்தான் சுக்கு ஆகாதே."

"கேட்டாத்தான ஆகுமா ஆகாதான்னு தெரியும். கேக்கவே மாட்டேங்கீரே."

அந்தோணி ஒருமுறைகூட விழவில்லை. நீங்கள் அவனைச் சுங்குவார்சத்திரம், படப்பை, மறைமலை நகர் என்று கூட்டிப்போய்ச் சாட்சி சொல்லவைத்தீர்கள். ஒவ்வொரு மேடையிலும் அவன் ஆண்டவருக்கு நன்றி சொன்னான், உங்களுக்கு நன்றி சொன்னான். நான் கடைசி வரிசையில் அவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வலது கை செய்வதை இடது கை அறியாமல் செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தானே வளர்த்தார்கள்.

சவரியம்மாளை நினைவிருக்கும். அந்தோணியின் சாட்சியைக் கேட்டுவிட்டு இரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறாவது வாரம் ஒரு பக்கம் கை கால் விழுந்தது, பிறகு அடக்கம் செய்தோம். அந்த அம்மாவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவருடைய மாத்திரைகளை மேசையிலிருந்து எடுத்தவனும் நான்தான். அவற்றைக் குப்பையில் போட்டேன். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்க யாரும் இல்லை. எல்லாரையும் நேசிக்க ஒரு ஆளால் முடியாது.

மறைமலை நகர்க் கூட்டத்தில்தான் ஜோஸ்லின் வீட்டார் அவனைப் பார்த்தார்கள். சாட்சி சொல்கிற பையன், நல்ல பையன் என்று அவள் அப்பாவே உங்களிடம் வந்து பேசினார். நீங்கள் சந்தோஷமாகச் சம்பந்தத்தைப் பேசி முடித்தீர்கள். அந்தக் கூட்டத்துக்கு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது நான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மறைமலை நகரிலேயே குடியிருப்பது என்று முடிவாயிற்று. அவன் இதை என்னிடம் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லது என்றேன்.

அப்போதே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும், தனியாகக் கூப்பிட்டு நோட்டையும் மாத்திரையையும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். கூட்டத்தில் அவன் முறை வந்தது. எழுந்து நின்றான்.

"இந்த வாரம் என் இருதயத்துல ஒண்ணு பாத்தேன். நான் வில்சன் அண்ணனையே சாஞ்சு நின்னுட்டேன். அவுக காப்பி போட்டாத்தான் குடிக்கேன், அவுக வண்டில ஏத்துனாத்தான் போறேன். ஒரு மனுசன இப்பிடிப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குறது சரியில்லன்னு ஆண்டவர் காட்டுனாரு. அண்ணனுக்கும் அது பாரம்தான. இனிமே என் காலுல நிக்கப் போறேன்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். நீங்கள்தான் சத்தமாகச் சொன்னீர்கள்.

நோட்டைத் திரும்ப அறைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் ஜோஸ்லின் எங்கள் தெருவுக்கு வந்தாள். அந்தோணி ஓ.டி.க்குப் போயிருந்த நேரம், தெரிந்துதான் வந்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கிற கம்பெனியில் அவளுக்கு டெஸ்டிங் பிரிவில் வேலை. வீட்டுக்கார முனிரத்தினம் கேட்டில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா வில்சனு, பேச்சிலர் வூட்டுக்குப் பொண்ணுங்கல்லாம் வருது. ஜெபக் கூட்டம்னு சொல்லிகினு இன்னா நடத்திகினு கீறீங்க?"

"அந்தோணிக்குப் பாத்த பொண்ணு சார்."

"அப்ப செரி. கேட்டாண்டயே நின்னு பேசி அனுப்பு."

அவள் சிரிக்கவில்லை. நேராகக் கேட்டாள். "அண்ணா, அவருக்கு நெஜமாவே சரியாயிடுச்சா?"

"ஏம்மா அப்படிக் கேக்க?"

"எங்க லைன்ல, பாஸ் ஆன போனையும் பத்துக்கு ஒண்ணு திரும்ப எடுத்து டெஸ்ட் பண்ணுவோம். பாஸ் ஆச்சுன்னு அப்டியே வுட மாட்டோம். கல்யாணத்துக்கு முன்ன டாக்டராண்ட ஒரு வாட்டி காட்டலாம்னு சொன்னேன். உனக்கு விசுவாசம் இல்லயான்னு கேட்டுட்டாரு. நீங்கதான் கூடவே இருக்கீங்க. போலாம்னு நீங்க சொன்னா, கூட்டிகினு போயிடறேன். அவருக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல."

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும். காப்பியைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டாம். 'கூட்டிக்கொண்டு போ' என்றால் போதும்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல பெண். அவன் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒரே நாளில் கற்றுக்கொள்வாள். மாத்திரையைப் பொடிக்கவும் மாட்டாள், முழு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கு என்பாள். நான் இருபது மாதம் ஒளித்து ஒளித்துச் செய்ததை அவள் எல்லார் முன்னாலும் செய்துவிடுவாள்.

"ஆண்டவர் தொட்டவனை டாக்டர் தொட்டுப் பாக்கணுமாம்மா?" என்றேன். "இருபது மாசம் நான் கண்ணால பாக்கேன். ஒரு குறையும் இல்ல. சந்தேகத்தோட குடும்பத்த ஆரம்பிக்காத."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அவனுக்கு வெறும் சுக்குக் காப்பி கொடுத்தேன். சாயங்காலம் வெறும் ரசம்.

"இன்னைக்குக் கசக்கலியே" என்றான்.

"என் கை பழகிட்டு போல" என்றேன்.

ஏன் நிறுத்தினேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவன் தன் காலில் நிற்க வேண்டும் என்கிறான், சபையே ஆமென் என்கிறது, நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? இருபது மாதம் அவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் நின்று பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்யை நிறுத்தினேன். பொய்யை நிறுத்துவது பாவம் என்று எந்தச் சபையும் சொல்லாது.

இதற்குக் கீழே இன்னொரு காரணமும் இருந்தது. நீங்கள் இருதயத்தைப் பார்க்கச் சொன்னவர், அதனால் அதையும் சொல்கிறேன். அவன் விழ வேண்டும் என்று விரும்பினேன். அறையில், என் பக்கத்தில், பாய்மேல் விழ வேண்டும். அடிபடாமல். நான் பிடித்துக்கொள்வேன். கண் திறக்கும்போது முன்போலவே என் முகத்தைப் பார்ப்பான். மறைமலை நகர்க்காரர்களுக்குச் செய்தி போகும், கல்யாணம் நிற்கும், நீங்களும் மேடையில் அவனைக் கூப்பிட மாட்டீர்கள். எல்லாரும் கைவிட்ட பிறகு அவனுக்கு யார் இருப்பார்? இதில் கெட்டது எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் முதலில் விழுந்துதானே ஆக வேண்டும்.

அவன் விழவில்லை.

ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். லைனில் அவனுக்கு எதிரிலேயே நின்று கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தான். பதின்மூன்று நாள் ஆயிற்று. நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான், கல்யாணப் பத்திரிகைக்கு யார் யார் பெயர் போட வேண்டும் என்று என்னோடு உட்கார்ந்து எழுதினான். குடும்பத்தாருக்கு அடுத்த வரியில் என் பெயரைப் போட்டான்.

அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பதின்மூன்று நாளில்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இவன் உண்மையாகவே குணமாகியிருந்தால்? நீங்கள் கை வைத்த அன்றைக்கே ஆண்டவர் இவனைத் தொட்டிருந்தால்? அப்படியானால் நான் எழுந்த காலைகள் எல்லாம் எதற்கு? தங்கச்சி கல்யாணத்தை விட்டு ஓடிவந்தது எதற்கு? அவன் உயிரோடு இருப்பதற்கு நான் தேவைப்படவே இல்லை என்றால், நான் யார்?

பதினான்காம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டோம். பத்திரிகை அட்டை தேர்ந்தெடுக்க ஜோஸ்லின் மறைமலை நகரில் காத்திருப்பாள், பஸ்ஸில் போனால் நேரமாகிவிடும் என்றான். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, கொண்டுபோய் விடுதீங்களா? இல்லன்னா... சாவி தாறீங்களா?"

நான் சும்மாதான் இருந்தேன். எனக்கு ஷிஃப்ட் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பக் கால் நிமிடம் ஆகியிருக்கும்.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

கொம்பையா தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "எம்மாடி. அண்ணாச்சி வண்டிச் சாவியக் குடுக்காரு. ஏல, குடை எடுத்துட்டுப் போ. இன்னைக்கு மழை ஊத்தப் போவுது."

"பிரேக்கு சரியாயிட்டாண்ணே?" என்றான் அந்தோணி.

"சரியாயிட்டு. ஒனக்கும்தான் எல்லாம் சரியாயிட்டே."

அவன் முகம் மலர்ந்தது. இருபது மாதத்தில் நான் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

சிங்கப்பெருமாள் கோவில் சாலையில், கண்டெய்னர் லாரியின் பின் சக்கரத்தில். நேராகப் போய்க்கொண்டிருந்த பையன் திடீரென்று விறைத்த மாதிரி இருந்தது, கை ஹேண்டிலை விடவே இல்லை என்று டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். போலீஸ் அதை எழுதிக்கொள்ளவில்லை. லாரி ஓட்டியவர் பெயர் இளம்பரிதி. கூட்டம் அவரை அடித்தது, பிறகு பதினைந்து நாள் உள்ளே இருந்தார். நான் தப்பாக ஓட்டவில்லை என்று அவர் அழுததாகக் கேள்விப்பட்டேன். அவர் தப்பாக ஓட்டவில்லை.

ஜோஸ்லின் அடக்கத்தில் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்கள் பிரசங்கத்தில், குணமாக்கப்பட்ட சரீரத்தோடு ஆண்டவரிடம் போனான் என்றீர்கள். அறுபது பேரும் ஆமென் சொன்னார்கள். உங்கள் மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம்கூட ஒருவர் சர்க்கரை மாத்திரையை வைத்தார். நீங்கள் ஒரு தடவையாவது அந்தோணியிடம், டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தால் என் காப்பிக்கு வேலையே இருந்திருக்காது. என்னைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் இருதயத்திலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பங்கை வைத்து என் பங்கைக் குறைத்துக்கொள்ள நான் வரவில்லை. மருந்தை நிறுத்தினால் மோசமாக வரும் என்று தெரிந்தே நிறுத்தினேன். கூட்டிக்கொண்டு போகக் கேட்டவளிடம் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பதினான்காம் நாள், எந்த நிமிடமும் விழலாம் என்று தெரிந்த ஒருவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். போலீஸில் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தாளையே கொடுங்கள். என் கையெழுத்துதான், மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவனை என்னைப்போல் நேசித்தவர்கள் யாரும் இல்லை. நீங்கள் இல்லை, ஜோஸ்லின் இல்லை. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு தெரு முனை திரும்பியதும், நான் அறைக்குள் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடி, அவன் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று முழு மனதோடு ஜெபித்தேன். அந்த ஜெபத்துக்குப் பதில் தராதது நான் இல்லை.